பல் கூசலாம், நாம் கூசக் கூடாது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஆற்றிய உரை)

கூட்டமைப்பின் தலைவி, செயலாளர், பொருளாளர் அவர்களே, குழுக்களின் ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, நெய்வேலி டவுன்ஷிப் வட்டங்களில் இருந்தும் மந்தாரக்குப்பம், வடலூர் பக்கத்துக் கிராமங்களில் இருந்தும் வீட்டு வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் சகோதரிகளே!

முதலில் ஒரு கேள்வி. பிரிட்ஜ் தண்ணியோ ஐஸ்கிரீமோ பட்டால் யாருக்கெல்லாம் பல் சுரீர்னு இழுக்குது? கையைத் தூக்குங்க. பாதிக்கு மேலே இருக்கீங்க. இதுக்காக டாக்டரைப் பார்த்தவங்க மட்டும் கையை வெச்சிருங்க. மூணே மூணு கை! இதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

தமிழில் இதற்குப் பல் கூச்சம் என்று பெயர். நமக்குப் பல்லும் கூசுது, அதைச் சொல்லவும் கூச்சமா இருக்கு. பிள்ளைக்குப் பல் வலித்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுவோம். நமக்கு என்றால் அந்தப் பக்கம் மெல்லாமல், இந்தப் பக்கம் மென்று வருஷக்கணக்கில் ஓட்டிவிடுவோம். கடைசியில் பல்லைப் பிடுங்கத்தான் டாக்டரிடம் போகிறோம். முன்னாடியே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள் அதில் நிறைய.

பல் ஏன் கூசுகிறது? பல்லின் மேலே எனாமல் என்கிற கெட்டியான ஓடு இருக்கிறது. உள்ளே டென்டின் என்கிற பகுதி. அதில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம் இருக்கிறது. மேல் ஓடு தேய்ந்தாலோ, ஈறு கீழே இறங்கி வேர் வெளியே தெரிந்தாலோ, அந்தக் குழாய்களின் வாய் திறந்துகொள்கிறது. சில்லென்று எதுவும் பட்டதும் உள்ளே இருக்கிற திரவம் அசைந்து நரம்பைத் தூண்டுகிறது. சுவீடன் நாட்டு பல் ஆராய்ச்சியாளர் பிரான்ஸ்ட்ராம் 1960களில் இதை விளக்கினார். எனாமல் ஒரு முறை தேய்ந்தால் மறுபடி வளராது. நகம் மாதிரி இல்லை அது.

ஓடு எப்படித் தேய்கிறது? செங்கல் பொடி, அடுப்புக் கரி, சாம்பல், உப்பு போட்டுத் தேய்ப்பது ஒரு காரணம். பல் வெள்ளையாகத் தெரியும், ஆனால் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஓட்டைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறோம். கெட்டி பிரஷ்ஷை வைத்துக் குறுக்கே அழுத்தி இழுப்பது இன்னொரு காரணம். ஈறு ஓரத்தில் அரிவாளால் கொத்தின மாதிரி பள்ளம் விழும்.

அடுத்தது புளிப்பு. எலுமிச்சை ஜூஸ், மாங்காய், பாட்டிலில் வரும் கூல் டிரிங்ஸ் எல்லாம் எனாமலை இளக வைக்கும். இதைச் சாப்பிட்டதும் தண்ணீர் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். கர்ப்பிணிகளுக்கு வாந்தி வந்தாலும் இதேதான். ஒரு டம்ளர் தண்ணியில் கொஞ்சம் ஆப்ப சோடா கலந்து கொப்பளித்தால் நல்லது.

கஷ்டம் வந்தால் "பல்லைக் கடிச்சிக்கிட்டுப் பொறுத்துக்கோ" என்று சொல்லித்தான் பெண்களை வளர்த்தார்கள். சிலர் ராத்திரி தூக்கத்திலும் நிஜமாகவே பல்லைக் கடிக்கிறோம். அதிலும் பல் தேய்கிறது, விரிசல் விடுகிறது. காலையில் எழுந்ததும் தாடை வலித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதீங்க. பல் வலிக்கு மூக்குப்பொடி தேய்க்கிற பழக்கம், வெற்றிலையோடு புகையிலை போடுற பழக்கம். பற்பசை, பல்பொடியில் புகையிலை சேர்க்கக் கூடாது என்று மத்திய அரசு 1992லேயே தடை போட்டது. வெறும் பாக்கு மட்டுமே போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் அறிக்கை வெளியிட்டது. வலி மரத்துப் போகிறதே தவிர, நோய் போவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்? 'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ் வாங்குங்கள். காலையிலும் படுக்கும் முன்பும் மென்மையாக, சின்னச் சின்ன வட்டமாகத் துலக்குங்கள். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பேஸ்ட் மருந்துக் கடையில் கிடைக்கும். "ரெண்டு நாள் போட்டேன், கேக்கல" என்று தூக்கிப் போடாதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரம் விடாமல் போட்டால்தான் பலன் தெரியும். துலக்கிய பிறகு துப்புங்கள், நிறையத் தண்ணீர் விட்டு அலசாதீர்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

1. சில்லென்றது போன பிறகும் வலி நிற்காமல் விண் விண் என்று தெறித்தால்.

2. சூடு பட்டால் வலித்தால், ராத்திரி வலி எழுப்பிவிட்டால்.

3. ஒரே ஒரு பல் மட்டும் கூசினால், கடிக்கும்போது வலித்தால். சொத்தையோ விரிசலோ இருக்கலாம்.

4. ஈறில் ரத்தம், சீழ், வீக்கம் இருந்தால்.

5. வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், வெள்ளைத் திட்டு தெரிந்தால், வாய் முழுதாகத் திறக்க முடியாவிட்டால்.

கிராம்பு எண்ணெய் வலியைக் கொஞ்ச நேரம் அமுக்கும், சொத்தையை ஆற்றாது. பல் கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்பதும் தவறு. படிந்த காரை போனதும் சில நாள் கூசும், பிறகு சரியாகும். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். ஈறில் அடிக்கடி ரத்தம் வந்தால் சர்க்கரையையும் பாருங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை பார்க்கிறார்கள். அந்த வேலையைச் செய்பவர்களில் பலர் நம்மைப் போன்ற குழு சகோதரிகள்தான்.

செலவுக்குப் பயப்படுகிறீர்கள், தெரியும். அண்ணாமலை நகரில் 1980இல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இப்போது அரசுக் கல்லூரி. நம்மிடமிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரம்தான். சின்னச் சொத்தையை அடைக்கிற செலவும், வேர் சிகிச்சைச் செலவும் ஒன்றல்ல. தள்ளிப்போட்டால் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும். வட்டிக் கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டமைப்புக்கு ஒரே ஒரு வேண்டுகோள். குழுவின் மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு எழுதி முடித்ததும், "யாருக்காவது பல்லு தொந்தரவு இருக்கா?" என்று ஊக்குநர் ஒரு வார்த்தை கேளுங்கள். இருக்கிறவங்க நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் போயிட்டு வாங்க. பணம் போதாதவங்களுக்கு உள்கடன் கொடுங்கள். மகளோட படிப்புக்கும் மகனோட வண்டிக்கும் தீர்மானம் போட்ட கை, ஒரு தடவை நம்ம பல்லுக்காகவும் தீர்மானம் போடட்டும்.