தமக்காக மட்டும் பாடாதவர்கள்



1973ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில், வறிய கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞரிடையே பிறந்தது ஹிப்-ஹொப். தாளத்துக்கு இசையச் சொல்லடுக்கிப் பேசும் அந்தப் பாட்டு, ஒதுக்கப்பட்டோரின் குரலாயிற்று. ஆயினும் அக்குரலுக்குள்ளேயே ஒரு பிரிவினரின் வாய் அடைக்கப்பட்டது. தன்பால் விருப்பினரையும் திருநரையும் இழித்துரைப்பது அப்பாடகர் பலருக்கு வழக்கமாயிருந்தது. வெளியே நிறவெறி, உள்ளே சொந்த இனத்தவரின் ஏளனம். இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள் என்ன செய்தார்கள்?

ஒதுங்கிப் போகவில்லை. 2000ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவின் ஒக்லண்ட் வட்டாரத்தில் 'டீப் டிக்கலெக்டிவ்' என்ற பாட்டுக்குழுவை அமைத்தார்கள். அதன் நிறுவனருள் ஒருவரான ஜூபா கலம்கா, 2001 முதல் 2007 வரை இத்தகைய கலைஞருக்கென 'பீஸ்அவுட்' விழாவை முன்னின்று நடத்தினார். விழா தொடங்கிய காலத்தில், ஒரே பாலினர் இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் சட்டம் பல மாநிலங்களில் உயிரோடிருந்தது. 2003இலேதான், லோரன்ஸ் எதிர் ரெக்சாஸ் வழக்கில், அமெரிக்க உயர் நீதிமன்றம் அச்சட்டங்களைச் செல்லாதனவாக்கியது. தீர்ப்பு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, மேடையேறினார்கள்.

அடுத்த தலைமுறையைப் பாருங்கள். ஜோர்ஜியா மாநிலத்து இளைஞர் லில் நாஸ் எக்ஸ். 2019இல் இவருடைய 'ஓல்ட் டவுன் ரோட்' 19 வாரங்கள் பில்போர்ட் பட்டியலின் முதலிடத்தில் நின்றது. அந்தப் புகழின் உச்சியிலேயே, ஜூன் 30ஆம் நாள், தாம் தன்பால் விருப்பினர் என்பதை உலகறியச் செய்தார்.

அதனோடு அவர் அமையவில்லை. 2021இல் 'இண்டஸ்ட்ரி பேபி' பாட்டை வெளியிட்டபோது, 'பெயில் புரொஜெக்ட்' என்னும் அமைப்புடன் சேர்ந்து ஏழைகளுக்காகப் பிணைநிதி திரட்டினார். குற்றம் எண்பிக்கப்படாத ஒருவன், பணமில்லாத ஒரே காரணத்தால் மறியலில் கிடக்கிறான், வேலையை இழக்கிறான், வீட்டை இழக்கிறான். பிணைகாரரைத் தேடி நீதிமன்ற வாசலில் அலைந்த கமக்காரருக்கு இதனை நான் விளக்கவேண்டியதில்லை. அந்நிதி அவனை மீட்கும். அவன் தவணைக்குத் தோன்றி வழக்கு முடிந்ததும், அப்பணம் திரும்பிவந்து இன்னொருவனை மீட்கும். பல இயக்கங்களின் நெடிய உழைப்பின் பயனாக, 2023 செப்டெம்பரில் இல்லினோய் மாநிலம் பணப்பிணையையே முற்றாக ஒழித்தது.

தோழர்களே! தன் உரிமைக்குக் குரலெழுப்புவது இயற்கை. பிறன் உரிமைக்கும் அதே குரலைக் கொடுக்கும்போதுதான் அது அறமாகிறது. உரிமை கேட்டு அணிதிரளும் எவரும், தம் அணிக்குள்ளேயே வாய்திறக்க அஞ்சி நிற்பவர் உளரா என்று முதலில் திரும்பிப் பார்க்கவேண்டும். அவர்களுக்கு இடமளிக்காத அணி, நீதியின் பெயரால் பேசும் தகுதியை இழந்துவிடும்.