பாயில் நெய்த பெயர்கள்

பழைய காலத்துக் கல்யாணம் மாதிரி நடத்தணும் என்று ஆசைப்படுகிற தென்காசி, குற்றாலம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மேடை அலங்காரத்துக்கு முன்னால் பத்தமடைப் பாயை யோசியுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிய இழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் கோத்து நெய்வார்கள். தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். இசுலாமியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நெய்கிற பாய் அது. மாப்பிள்ளை, பெண் பெயரையும் கல்யாணத் தேதியையும் அதிலேயே நெய்து தருவார்கள். நாளாகும், முகூர்த்தம் குறித்ததுமே சொல்லிவையுங்கள்.

அடுத்தது சாப்பாடு. மறுவீட்டு விருந்துக்குச் சொதிக்குழம்பு கட்டாயம். அதில் சேரும் தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் வயிற்றில் கனக்காமலிருக்கத்தான் பக்கத்தில் இஞ்சிப் பச்சடி.

குற்றாலத்தில் அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக் கோலம் காட்டியதாகத் தலபுராணம் சொல்கிறது. குலதெய்வத்துக்குப் பத்திரிகை வைத்த கையோடு, குற்றாலநாதருக்கும் ஒன்று வைத்துவிட்டு வாருங்கள்.