மீன் குளத்தில் நன்மை தரும் நுண்ணுயிர்கள்

நீர்வாழ் உயிரின வளர்ப்பில் உலகில் இரண்டாம் இடம் வகிக்கும் நாடு இந்தியா. இத்தொழிலில் நோய் தடுப்பு என்பது உயிரியலோடு பொருளாதாரத்தையும் சார்ந்த பிரச்சினையாகும்.

கால்நடைக்கு நோய் கண்டால் மருந்து புகட்டலாம். மீனின் நிலை வேறு. நோயுற்ற மீன் இரை எடுப்பதில்லை. எனவே தீவனத்தில் கலந்த மருந்து பெரும்பாலும் நலமாயுள்ள மீன்களின் வயிற்றையே சேருகிறது. கெண்டை மீன்களைத் தாக்கும் ஏரோமோனஸ், இறாலைத் தாக்கும் விப்ரியோ ஆகிய பாக்டீரியாக்கள் நீரில் இயல்பாகவே உள்ளவை. அளவுக்கு மீறிக் குஞ்சுகளை இருப்பு வைத்து, எஞ்சிய தீவனம் அடியில் அழுகும்போதே அவை கொல்லும் கிருமிகளாகின்றன.

இங்குதான் புரோபயாட்டிக் எனப்படும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. பேசில்லஸ், லாக்டோபேசில்லஸ் போன்றவை தீவனம் வழியாகக் குடலில் தங்கி, தீய கிருமிகளுக்குரிய இடத்தையும் உணவையும் தாமே கைப்பற்றுகின்றன. அவற்றின் பெருக்கத்தை ஒடுக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. பேசில்லஸ் வித்து வடிவில் நெடுநாள் தாங்குவதால் வணிகர்கள் அதனை விரும்புகின்றனர். வைரஸ் நோய்க்கு இதனை நம்பியிருக்க முடியாது. 1994-95இல் இந்திய இறால் பண்ணைகளை அழித்த வெண்புள்ளி நோய் அத்தகையதே. குளோரின் இட்ட நீரில் உடனே இதனைக் கலப்பதும் பணத்தை நீரில் கொட்டுவதாகும்.

ஆன்டிபயாட்டிக் மருந்தின் முழு விலையைப் பண்ணையாளர் செலுத்துவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்போது அதன் சுமை ஊராரைச் சேருகிறது. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் எச்சங்களால் ஐரோப்பிய நாடுகளில் இந்திய இறால் சரக்குகள் நிராகரிக்கப்பட்டதும் உண்டு.

தில்லியில் நாடாளுமன்றம் 2005இல் இயற்றிய சட்டத்தின்படி அமைந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் சென்னையிலிருந்து இயங்குகிறது. இடுபொருள்களில் தடை செய்யப்பட்ட ஆன்டிபயாட்டிக் இல்லை எனச் சான்றளித்துப் பதிவு செய்யும் முறையை அது கொண்டுவந்தது. தேவையான சான்றே. ஆயினும், தீங்கான மருந்து இல்லை என்பது வேறு. உயிருள்ள நுண்ணுயிர்கள் போதிய அளவில் உள்ளன என்பது வேறு. மேலும், இவ்வாணையத்தின் எல்லை கடலோரம் வரையே. ஆந்திரத்திலும் வங்கத்திலும் உள்ள நன்னீர்க் கெண்டைக் குளங்கள் அதற்கு அப்பாற்பட்டவை.

புட்டியின் மீது நுண்ணுயிரின் பெயர், எண்ணிக்கை, தயாரித்த நாள் ஆகியவற்றைப் பார்த்து வாங்குவது நன்று. ஆனால் பயன் உண்டா என்பதை அறிய, இட்ட குளத்தையும் இடாத குளத்தையும் ஒப்பிட்டு வரவு செலவு பார்த்தல் வேண்டும். ஒரே குளமுள்ள சிறு விவசாயியால் இது இயலாது. மாநில மீன்வளத் துறைகளின் பண்ணைகளே அக்கணக்கை எடுத்து, அவர் மொழியில் வெளியிட வேண்டும்.