இந்துமாக் கடலடியில் வெந்நீர் ஊற்றுகள்



2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நம் நாட்டு அறிவியலாளர்கள் இந்துமாக் கடலின் நடுவே, ஏறத்தாழ 4,500 மீட்டர் ஆழத்தில், உயிர்ப்புடன் இயங்கிக் கொண்டிருக்கும் ஒரு வெந்நீர் ஊற்றைப் படம் பிடித்தனர். சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவிலுள்ள துருவ, பெருங்கடல் ஆராய்ச்சிக்கான தேசிய மையமும் இணைந்து நிகழ்த்திய பணி அது. 'சாகர் நிதி' என்னும் ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட ஆளில்லாத் தானியங்கி நீர்மூழ்கி ஒன்று கடல்தரைக்கு அருகே சென்று அப்படத்தை எடுத்தது. செய்தித்தாள்களில் அது சிறு செய்தியாகவே வெளிவந்தது. ஆயினும் அதன் பின்னணியை அறிந்துகொள்வது நம்மனோர்க்கு இன்றியமையாதது எனக் கருதுகிறேன்.

பெருங்கடல்களின் அடியில் சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு மலைத்தொடர் உலகைச் சுற்றிச் செல்கிறது. புவியின் மேலோட்டுப் பாளங்கள் இம்மலைத்தொடரின் உச்சியில்தான் ஒன்றை விட்டொன்று விலகுகின்றன. விலகும் வேகம் எங்கும் ஒன்றாக இல்லை. கிழக்குப் பசிபிக் மலைத்தொடரின் சில பகுதிகளில் ஆண்டுக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வரை விலகல் நிகழ்கிறது. நம் கடலிலுள்ள கார்ல்ஸ்பர்க் மலைத்தொடரிலோ அது மூன்று சென்டிமீட்டர் அளவே. தென்மேற்கு இந்துமாக் கடல் மலைத்தொடரில் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு.

விலகும் இடத்தில் பாறை வெடிப்புகள் உண்டாகின்றன. இரண்டு டிகிரி வெப்பநிலையிலுள்ள கடல்நீர் அவ்வெடிப்புகளின் வழியே கீழிறங்கி, அடியிலுள்ள பாறைக் குழம்பின் வெப்பத்தால் சூடேறுகிறது. மேலே அழுத்தும் நீரின் பாரம் மிகுதியாதலால், 350 டிகிரியைத் தாண்டியும் அது ஆவியாகிவிடுவதில்லை. அமிலத் தன்மை பெற்ற அந்நீர் பாறையிலிருந்து இரும்பு, செம்பு, துத்தநாகம், சிறிது பொன், வெள்ளி ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு மேலெழுகிறது. குளிர்ந்த கடல்நீரைத் தொட்டவுடன் உலோகங்கள் கந்தகத்தோடு சேர்ந்து கரிய துகள்களாகப் படிகின்றன. தொலைவிலிருந்து காண்போர்க்கு அது ஆலைப் புகைபோக்கி போலத் தோன்றும். உண்மையில் அங்கே புகையும் இல்லை, நெருப்பும் இல்லை.

1977இல் 'ஆல்வின்' நீர்மூழ்கியில் இறங்கியோர் காலபகோஸ் தீவுகளுக்கு அருகே முதன்முதலில் இவ்வூற்றுகளைக் கண்டனர். இரண்டு ஆண்டுகள் கழித்துக் கிழக்குப் பசிபிக் மலைத்தொடரில் கரும்புகைபோக்கிகள் காணப்பட்டன. வேகமாக விலகும் மலைத்தொடர்களிலேதான் பாறைக் குழம்பு மிகுதி. ஆகவே மெதுவாக விலகும் தொடர்களில் இத்தகைய கொதிநீர் ஊற்றுகள் இரா என்றே அறிஞர் பலர் எண்ணினர். 1985இல் பீட்டர் ரோனாவும் அவருடைய குழுவினரும் அட்லாண்டிக் கடலின் நடு மலைத்தொடரில் சுமார் 3,600 மீட்டர் ஆழத்தில் கரும்புகைபோக்கிகளைக் கண்டறிந்து அவ்வெண்ணத்தை மாற்றினர். அங்கிருந்த உலோக மேட்டின் குறுக்களவு 200 மீட்டர். உயரம் சுமார் 50 மீட்டர்.

மெதுவான இடத்தில் மேடு பெரிதாக அமைவதற்குக் காரணம் உண்டு. வேகமான தொடரில் எரிமலைக் குழம்பு அடிக்கடி வெளிப்பட்டு ஊற்றுகளை மூடிவிடுகிறது. அவற்றின் ஆயுள் குறைவு. மெதுவான தொடரில் வெடிப்புகள் அரிதாக நிகழ்கின்றன. ஆனால் ஆழமான பிளவுகள் நீண்ட காலம் திறந்தே கிடக்கின்றன. அவற்றின் வழியே வெந்நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் விட்டுவிட்டு ஓடி, ஒரே இடத்தில் உலோகத்தைக் குவிக்கிறது. நம் கடலின் மலைத்தொடர்கள் பெரிதும் மெதுவானவை என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

இந்திய அரசின் அக்கறை இங்கே தொடங்குகிறது. எந்நாட்டுக்கும் உரிமையற்ற ஆழ்கடல்தரையை ஐக்கிய நாடுகளின் கடற்சட்ட ஒப்பந்தத்தின் கீழ் அமைந்த பன்னாட்டுக் கடல்தரை ஆணையம் நிர்வகித்து வருகிறது. 2016 செப்டம்பரில் அவ்வாணையத்துடன் இந்தியா பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. அதன்படி மத்திய, தென்மேற்கு இந்துமாக் கடல் மலைத்தொடர்களில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக சல்பைடுகளைத் தேடும் உரிமை நமக்குக் கிட்டியது. 2025 செப்டம்பரில் கார்ல்ஸ்பர்க் மலைத்தொடருக்கும் இத்தகைய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இவை தேடும் உரிமைகளே அன்றித் தோண்டும் உரிமைகள் அல்ல. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு கடலடிச் செல்வம் நம் கைக்கு வந்துவிட்டதாகப் பேசுவோர் உளர். அது அவசரப் பேச்சு.

தேடுவது எவ்வாறு? ஊற்றிலிருந்து எழும் கலங்கல் நீர் சில நூறு மீட்டர் உயர்ந்து, பின் பக்கவாட்டில் பரவுகிறது. கப்பலிலிருந்து கருவிகளைத் தாழ்த்தி, நீரின் கலங்கல், சிறிதளவு வெப்ப வேறுபாடு, மாங்கனீசு, மீத்தேன் ஆகியவற்றின் அளவு முதலியவற்றைக் குறித்துக்கொண்டே, மோப்பம் பிடிப்பது போல மூலத்தை நோக்கிச் செல்ல வேண்டும். பரந்த கடலில் ஒரு சிற்றூர் அளவுகூட இல்லாத இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை இது. 2021இல் 4,077 கோடி ரூபாய் மதிப்பில் அரசு ஒப்புதல் அளித்த ஆழ்கடல் திட்டத்தில் இதுவும் ஓர் அங்கம். மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்கு ஏற்றிச் செல்ல வடிவமைக்கப்பட்ட 'மத்ஸ்யா 6000' நீர்மூழ்கியும் அத்திட்டத்தின் கீழேயே உருவாகிறது. 2025 தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அது நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது.

இனி, கடினமான பகுதிக்கு வருகிறேன். இவ்வூற்றுகளைச் சுற்றி உயிர்கள் செறிந்து வாழ்கின்றன. கதிரவன் ஒளி எட்டாத அவ்விடத்தில், நீரிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உணவு ஆக்கும் பாக்டீரியாக்களே எல்லாவற்றிற்கும் ஆதாரம். இந்துமாக் கடலின் கைரேய் ஊற்றுப் பகுதியில் 2001இல் ஒரு நத்தை கண்டறியப்பட்டது. இரும்பு சல்பைடு பூசிய செதில்களால் தன் பாதத்தைக் காத்துக்கொள்ளும் விலங்கு அது. உலகில் வேறெந்த விலங்கும் இவ்வாறு இரும்புக் கவசம் தரித்ததாக அறியப்படவில்லை. 2019இல் அது அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆழ்கடல் சுரங்கத்தால் வரக்கூடிய அபாயத்தைக் காரணமாகக் காட்டி அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் உயிரினம் அதுவே. அப்பொழுது அது வாழ்வதாக அறியப்பட்டிருந்த இடங்கள் மூன்று. அவற்றுள் இரண்டு வெவ்வேறு நாடுகளின் தேடுதல் எல்லைக்குள் இருந்தன.

செம்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. மின்கம்பிக்கும் மின்மாற்றிக்கும் செம்பு வேண்டும். நம் தேவையில் பெரும் பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஆயினும் ஊற்று அடங்கிப்போன பழைய மேடுகளிலும் அதே உலோகங்கள் உள்ளன என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே வெந்நீரை நம்பி வாழும் உயிர்க்கூட்டம் இல்லை. தோண்டுவது என்று என்றேனும் முடிவானால் அது அங்கேதான் நிகழ வேண்டும் என்பது என் கருத்து. இதில் ஒரு சிக்கல் உண்டு. அடங்கிய மேட்டிலிருந்து கலங்கல் நீர் எழுவதில்லை. வண்டலும் அதை மூடிவிடுகிறது. காந்தப்புல வேறுபாட்டையும் மின்னழுத்த வேறுபாட்டையும் அளந்தே அதனைக் கண்டுபிடிக்க வேண்டும். உயிர்ப்புள்ள ஊற்றைத் தேடுவதைக் காட்டிலும் காலமும் செலவும் மிகுந்த பணி அது. எளிதில் கிடைப்பதை வைத்துக்கொண்டு அரிதில் கிடைப்பதைக் கைவிடும் ஆசை எந்த நிர்வாகத்திற்கும் எழக்கூடியதே.

அந்த ஆசைக்குக் காலக்கெடுவும் துணை நிற்கிறது. ஆணையத்தின் விதிப்படி, ஒப்பந்தம் செய்த நாடு எட்டாம் ஆண்டின் முடிவில் தன் பரப்பில் பாதியையேனும், பத்தாம் ஆண்டின் முடிவில் முக்கால் பங்கையேனும் திருப்பி ஒப்படைத்தல் வேண்டும். 10,000 சதுர கிலோமீட்டரில் கடைசியாக நம்மிடம் எஞ்சக் கூடியது 2,500 மட்டுமே. எதை வைத்துக்கொள்வது என்ற முடிவை உலோக அளவை மட்டும் பார்த்து எடுத்தால், ஊற்றுகள் உயிர்ப்போடு உள்ள கட்டங்களே முதலில் தேர்வாகும். உயிரினங்களைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைத் திரட்டித் தருவதும் அதே ஒப்பந்தத்தின் கடமையாகும். ஆகவே ஒவ்வொரு பயணத்திலும் புவியியலாரோடு உயிரியலாரும் கப்பலேற வேண்டும். அவர்களுடைய மாதிரிகள் பாறை மாதிரிகளுக்குச் சமமாக மதிக்கப்பட வேண்டும். முதல் ஒப்பந்தம் 2031 செப்டம்பரில் முடிவுறும். இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலர் அதற்குள் அக்கப்பல்களில் பணியேற்றிருப்பார்கள்.