நோவும் கையும்
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியத்துறையில் எதைப் பற்றியும் பேசலாம் என்று சங்கத்தார் சொன்னார்கள். நான் நோவைத் தெரிந்தெடுத்தேன். நாரிநோ, கழுத்துநோ, முழங்கால்நோ எதுவும் இல்லாத ஐம்பது வயதுக்காரர் கையை உயர்த்துங்கள் என்று இப்போது கேட்டால் அதிகம் கைகள் எழாது. தோள்நோவால் உயர்த்த முடியாதவர்களும் இங்கே இருப்பீர்கள்.

2020 ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேருக்கு நாரிநோ இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் பெண்களே அதிகம். என்னிடம் வரும் பெண்கள் பலர் நோ தொடங்கி ஆண்டுக் கணக்கான பின்னரே வருகிறார்கள். அதுவரை கடையில் வாங்கிய குளிசைதான் துணை. டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை சில நாட்களுக்கு நல்ல மருந்துகள். மாதக்கணக்கில் விழுங்கினால் இரைப்பையில் புண் வரலாம், இரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பழுதாகலாம். நீரிழிவும் பிரஷரும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூட. குளிசையைக் குறைக்க உதவும் வழிகளில் ஒன்றாகத்தான் கையால் செய்யும் சிகிச்சையைப் பார்க்கிறேன்.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, இயன்மருத்துவர் தன் கைகளால் இறுகிய தசையைத் தளர்த்தி, விறைத்த மூட்டைச் சிறிது சிறிதாக அசைத்துக் கொடுப்பது. மற்றது அக்குபிரஷர். சீன மருத்துவத்தில் ஊசி குத்தும் அதே புள்ளிகளை விரலால் அழுத்துவது. நமது சித்த மருத்துவத்திலும் வர்மப் புள்ளிகள் இருக்கின்றன. மரபில் அவற்றை 108 என்று எண்ணுவார்கள். எங்கள் ஊர்களில் முறிவு நெரிவு வைத்தியர்களின் கைப்பக்குவத்தை அறியாத குடும்பம் இல்லை. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு கல்வி. ஒன்றைப் படித்தவர் மற்றதையும் தெரிந்தவர் என்று நினைக்கக் கூடாது.

அழுத்தினால் நோ ஏன் தணிகிறது? முழங்கால் மேசையில் இடிபட்டால் உடனே அந்த இடத்தைத் தேய்க்கிறோம். யாரும் சொல்லித் தந்ததில்லை. 1965 இல் மெல்சாக், வோல் என்ற இரு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். தொடுகையைக் கொண்டு செல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்படும்போது, மெல்லிய இழைகளில் வரும் நோச் செய்தி முண்ணாணிலேயே ஓரளவு தடுக்கப்படுகிறது. ஒரு படலை பாதி சாத்தப்படுவது போல. அந்தக் கொள்கையின் சில விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படை நிலைத்து நிற்கிறது.

தசைக்குள் இறுகிக் கிடக்கும் முடிச்சுகளை, அழுத்தினால் வேறிடத்தில் நோவைக் காட்டும் புள்ளிகளை, வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தவர் ஜெனற் ட்ரவெல். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் வைத்தியர். அந்தப் பதவியை வகித்த முதற் பெண். டேவிட் சைமன்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய கைநூலின் முதற்பாகம் 1983 இல் வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. ஒரு பெண்கள் பாடசாலையில் நின்று பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் போக மனமில்லை.

ஆதாரம் எவ்வளவு என்று கேட்பீர்கள். 2006 இல் தாய்வானில் நாட்பட்ட நாரிநோ உள்ள 129 பேரிடம் நடந்த ஆய்வில், வழமையான இயன்மருத்துவம் பெற்றவர்களைவிட அக்குபிரஷர் பெற்றவர்கள் ஆறு மாதத்தின் பின்னும் நலமாக இருந்தார்கள். ஆனால் தனக்கு எந்தச் சிகிச்சை கிடைக்கிறது என்பது நோயாளிக்குத் தெரிந்தே இருக்கும். ஆகவே நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, விரலின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பிரித்தானியாவின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டி, கைச்சிகிச்சையை உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டுமே செய்யலாம் என்கிறது. நான் இன்று சொல்ல வந்ததும் அதுதான். கை நோவைச் சற்றுத் தணித்துக் கொடுக்கும். அந்தத் தணிவு நீடிக்கும் வேளையில் உடலை அசைத்துப் பழக்க வேண்டும். அசையாமல் கட்டிலுக்குப் போனால் அடுத்த நாள் நோ திரும்பி வரும்.

தையல் மெஷினில் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் ஒருவருக்குக் கழுத்துநோ என்று வையுங்கள். மண்டையோட்டின் அடியில், பிடரியின் இருபுறமும் உள்ள பள்ளங்களைப் பெருவிரல்களால் மெதுவாக அழுத்துவோம். பிறகு கழுத்தடிக்கும் தோள் நுனிக்கும் நடுவிலுள்ள தசைமேட்டை. ஒவ்வொன்றும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை. "நோகுது, ஆனால் சுகமாயிருக்கு" என்று சொல்லும் அளவே சரியான அழுத்தம். அதன்பின் இயன்மருத்துவர் தசையையும் மூட்டையும் தளர்த்துவார். எழும்ப முன்னரே நாடியை உள்ளிழுக்கும் பயிற்சியும் தோட்பட்டைகளைப் பின்னே சேர்க்கும் பயிற்சியும் பத்துத் தடவை. வீட்டில் நாளுக்கு மூன்று முறை. அழுத்தும் புள்ளிகளை அவரே கற்றுக்கொண்டு போவதால் செலவும் இல்லை.

தங்கைமாருக்கு ஒன்று. மாதவிடாய் நோவுக்கு உட்கணுக்காலுக்கு மேலே நான்கு விரலளவில், எலும்பின் பின்னோரத்தை அழுத்திப் பார்க்கலாம். ஆய்வுகள் சிறியவை, உறுதியாகச் சொல்ல அவை போதா; ஆனால் தீங்கில்லை. ஒவ்வொரு மாதமும் பாடசாலைக்கு வரமுடியாத அளவுக்கு நோ இருந்தால் அழுத்திக்கொண்டிராமல் வைத்தியரிடம் வாருங்கள். "பொம்பிளைப் பிள்ளை என்றால் தாங்கத்தானே வேணும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கை வைக்கக் கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். நாரிநோவோடு கால் பலமிழந்தால், இருக்கும் பகுதி மரத்தால், சிறுநீர் போகாவிட்டால், அன்றைக்கே வைத்தியசாலை. காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய், விழுந்தபின் வந்த நோ, இவற்றிலும் முதலில் பரிசோதனை. ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் நொந்தால் தேய்க்கவே கூடாது, இரத்தக்கட்டி இருக்கலாம். வார்பரின் எடுப்பவர்கள் பலமான அழுத்தத்தைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நான் சொன்ன கணுக்கால், தோள் புள்ளிகள் வேண்டாம். கழுத்தைச் சடாரென்று திருகி நெட்டி முறிக்க எவரையும் விடாதீர்கள். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழியலாம்.

இன்னொன்று எங்கள் மண்ணுக்கே உரியது. உடம்பில் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் நம்மிடையே பலர். அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சிகிச்சை செய்பவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே பாராமல் அந்த இடத்தில் எவரும் அழுத்தக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னரும் கட்டாயம் சொல்லுங்கள்.

இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ, ஒரு கிழமைக்கு எத்தனை நோக்குளிசை போடுகிறீர்கள், எவ்வளவு காலமாக என்று கேளுங்கள். பதிலை ஒரு துண்டில் எழுதி, அடுத்த கிளினிக்குக்கு அவரோடு கொண்டு வாருங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.