துண்டுபட்ட காட்டை இணைக்கும் கணக்கு

பசிபிக் பெருங்கடலில் பிரான்சின் ஆளுகைக்கு உட்பட்ட நியூ கலிடோனியாவில், சுரங்கத்தாலும் தீயாலும் துண்டுபட்ட காடுகளை எந்த இடத்தில் மீட்டால் மிகுந்த பயன் விளையும் என்பதை அறிய, ஆய்வாளர்கள் 'கட்டுப்பாட்டு நிரலாக்கம்' என்னும் கணினி முறையைக் கையாண்டனர். தீர்வுக்கான வழியைப் படிப்படியாகச் சொல்லாமல், விடை மீறக் கூடாத நிபந்தனைகளை மட்டும் எழுதிக் கொடுக்க, பொருந்தாத தெரிவுகளைக் கணினியே கழித்துச் செல்வது இம்முறையாகும். மீட்கும் பரப்பு வரம்பைத் தாண்டக் கூடாது, நிலம் சிதறாமல் நெருங்கி அமைய வேண்டும் என்பவற்றோடு, அங்கு வாழும் மக்களின் இரு வட்டாரங்களுக்கும் பணி சமமாகப் பகிரப்பட வேண்டும் என்பதும் நிபந்தனையாயிற்று. நியாயத்தைக் கணக்கின் ஓரத்தில் நிறுத்தாமல் அதன் உள்ளேயே வைத்த இச்செயல் பெரிதும் பாராட்டத்தக்கது. இந்நிபந்தனைகளுக்குள் அடங்கும் தீர்வுகளில் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க உதவும் அளவைகளுள் ஒன்று 'பயனுறு வலைக்கண் அளவு'. ஒவ்வொரு காட்டுத் துண்டின் பரப்பையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, நிலப்பகுதியின் மொத்தப் பரப்பால் வகுத்தால் அது கிடைக்கும். தலா 10 ஹெக்டேர் கொண்ட இரு துண்டுகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 200 ஆக இருக்க, இடையே 1 ஹெக்டேர் மட்டும் நட்டு இரண்டையும் இணைத்தால் அது 21இன் வர்க்கமாகிய 441 ஆக உயர்கிறது. அதே 1 ஹெக்டேரை வேறெங்கோ தனியே நட்டால் 201க்கு மேல் செல்வதில்லை.