அயல்நாட்டு வேலையும் மொழித் தேர்வும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

காங்கேயத்து அரிசி ஆலைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று செவிலியராகவும் பொறியாளராகவும் உயர்ந்து, அயல்நாட்டு வேலையை நாடுகின்றனர். அவர்கள் கடக்க வேண்டிய முதல் வாயில் மொழித் தேர்வு. அதுபற்றிச் சில கூற விழைகிறேன்.

1860 நவம்பரில், சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் நம் மக்களை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இறக்கியது. அவர்களிடம் எவரும் மொழியறிவு கேட்கவில்லை. கரும்பு வெட்டக் கை போதுமன்றோ! பின்னர் இந்தியர் சொந்தச் செலவில், வணிகராகவும் தொழிலறிந்தவராகவும் வரத் தொடங்கினர். உடனே, 1897இல் நேட்டால் அரசு ஒரு சட்டம் இயற்றியது. குடியேற வருவோர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டுமாம். ஒப்பந்தக் கூலிகளுக்கு மட்டும் விலக்காம்! அதைப் பின்பற்றி ஆஸ்திரேலியா 1901இல், அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய மொழியில் 50 சொற்கள் கொண்ட பகுதியைக் கேட்டு எழுதும் தேர்வை விதித்தது. வேண்டாதவரை விலக்கவே அது பயன்பட்டது, 1958இல்தான் ஒழிந்தது.

இன்றைய தேர்வு அத்தகையதன்று. எம்மொழி, எவ்வளவு மதிப்பெண் என்பது முன்னரே அறிவிக்கப்படுகிறது. கனடாவின் திறன்மிகு பணியாளர் திட்டத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் தனித்தனியே 6 வேண்டும். மூன்றில் வென்று ஒன்றில் தவறினாலும் பயனில்லை. பிரிட்டன் 2026 ஜனவரி 8 முதல் புதிய விண்ணப்பதாரருக்குரிய ஆங்கிலத் தகுதியைப் பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்த்திவிட்டது. படி உயர்ந்துகொண்டே போகிறது.

வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது எளிது. பாடநூலில் மட்டுமே ஆங்கிலத்தைக் கண்ட நம் பிள்ளை எழுத்தில் தேறுகிறான். கேட்பதிலும் பேசுவதிலும் தயங்குகிறான். அந்தத் தயக்கத்தால் தொழில் கற்றவனும் கூலி வேலைக்கே செல்வானாயின், அன்று கப்பலேறிய பாட்டனுக்கும் இவனுக்கும் என்ன வேறுபாடு?

வழிகாட்டி நமக்குண்டு. கோயம்புத்தூரில் பயின்றவர் இரட்டைமலை சீனிவாசனார். சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று உடன் பயின்றோருடன் நெருங்கிப் பழகவும் அவர் அஞ்சிய காலம் அது. அவரே பின்னர், நம்மவர் கூலிகளாய்ச் சென்ற அதே தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரானார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடினார். தமிழும் ஆங்கிலமும் அவருக்கு இரு கைகளாயின. தாய்மொழியை விடச் சொல்லவில்லை நான். மற்றொரு கையையும் வலுப்படுத்துக என்கிறேன்.

ஆகவே இளைஞர்களே, நாள்தோறும் ஒரு மணி நேரம் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். பிழைபட்டால் நகைப்பார்களே என்று அஞ்சாதீர்கள். தேர்வின்றியே அனுப்புவதாகக் கூறும் தரகரிடம் நகையை விற்றுப் பணம் கொடாதீர்கள். தாட்கோ நம் இளைஞர்க்கென இத்தகைய தேர்வுகளுக்குப் பயிற்சித் திட்டம் வகுத்துள்ளது, கேட்டுப் பயன்பெறுங்கள். நம் சங்கமும் இவ்வெள்ளி விழாவின் நினைவாக ஒரு மாலை நேர மொழி வகுப்பைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.